சம்போனி ஓடிய பேஸ்போல் மைதானம்

1977ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி காலை, ரொறன்ரோ எக்ஸிபிஷன் மைதானத்தில் விழுந்து கிடந்த பனியை அகற்றுவதற்கு மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் ஹொக்கி அரங்கிலிருந்து ஒரு சம்போனியை இரவல் வாங்கினார்கள். ஐஸ் தளத்தை வழித்து மினுக்கும் வண்டி அது. அதற்கும் பேஸ்போலுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் அன்று பிற்பகல் அங்கே நடக்க இருந்தது பேஸ்போல்தான். புளூ ஜேஸ் என்ற புத்தம்புது அணியின் முதல் பருவத்தின் முதல் ஆட்டம். வட அமெரிக்காவின் தொடக்க நாள் ஆட்டங்களைப் பற்றி எத்தனையோ படித்தும் கேட்டும் பார்த்துவிட்டேன். இதற்கு மேலாக எதையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இது ஹொக்கி ஊர். பொபி ஓர் பதின்ம வயதில் ஒஷாவா ஜெனரல்ஸ் அணிக்கு விளையாடியதை இங்கே தாத்தாமார் நேற்று நடந்ததுபோலக் கதைப்பார்கள். ஆனாலும் ஏப்ரல் பிறந்துவிட்டால் தொழிற்சாலைக்குள் கதை மாறும். வெளியே ஏரிக்காற்று காதை அறுக்கும், காரில் பனிக்கால டயர் இன்னும் கழற்றியிருக்காது, உள்ளே மதிய இடைவேளையில் ஒருவன் வானொலியைத் திருகிக்கொண்டு இருப்பான். தொடக்க நாள் அன்று சிலருக்குத் தவறாமல் வயிற்றுவலி வரும். மேற்பார்வையாளருக்கும் அது தெரியும். அவரும் ஒருவித வயிற்றுவலிக்காரர்தான்.

எனக்கு அந்த ஆட்டம் பிடிபட்டது எல்லேயால். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நாட்களில் மூங்கில் தடியும் பந்துமாக எல்லே விளையாடியவனுக்கு, அடித்துவிட்டு ஓடி, வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் விளையாட்டு புதிதல்ல. கிரிக்கெற் மட்டும் தெரிந்தவர்கள்தான் ரீவிக்கு முன்னால் தலையைச் சொறிவார்கள். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எல்லேயில் பந்தை எறிந்து தருபவன் நம் அணிக்காரன். அடிக்க வசதியாகத் தருவான். பேஸ்போலில் எறிபவன் எதிரி. அவன் முழு ஆயுளும் உங்களை அடிக்கவிடாமல் செய்யவே பழகியவன். அந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மிச்சம் தானாக வரும்.

1977 ஆட்டத்துக்கு நேரில் போனவர் ஒருவர் அசெம்பிளி லைனில் எனக்கு அடுத்த இடத்தில் நின்றார், என்னைவிட நல்ல மூப்பு. அந்தக் காலத்தில் கோ ரயில் ஒஷாவாவுக்கு வராது, பிக்கரிங்கோடு நின்றுவிடும். பிக்கரிங் வரை காரில் போய், அங்கிருந்து ரயிலேறி எக்ஸிபிஷன் நிலையத்தில் இறங்கினாராம். சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளை மடித்து வைத்தபடி மூன்று மணி நேரம் இருந்ததாகச் சொல்வார். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், முதலில் தன் கால்விரல்களைப் பற்றித்தான் தொடங்குவார்.

அவர் இருந்த மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது பேஸ்போலுக்கென்று கட்டியதல்ல. ஆர்கோனோட்ஸ் என்ற கனடிய ஃபுட்போல் அணியின் மைதானத்தை ஒருபக்கம் நீட்டி, வளைத்து, பேஸ்போலுக்கும் பொருந்தும்படி செய்திருந்தார்கள். ஒன்ராறியோ ஏரி பக்கத்தில். ஏரியிலிருந்து காற்றும் வரும், கடற்புறாக்களும் வரும். வேடிக்கை என்னவென்றால், கூரை இருந்தது பழைய வடக்குப் பார்வையாளர் மண்டபத்துக்கு மட்டும்தான். பேஸ்போலுக்கு அது அடிப்பவரிலிருந்து வெகு தூரம், ஆகவே மலிவான இடம். நல்ல காசு கொடுத்துக் கிட்ட இருந்தவர்கள் தலையில்தான் பனி கொட்டியது. காசில்லாதவன் நனையாமல் பார்த்த மைதானம் வேறு எங்காவது இருந்ததா தெரியாது. 1984 ஏப்ரல் 30 அன்று அதே இடத்தில், ரெக்ஸாஸ் அணியுடனான ஆட்டத்தைக் காற்று பலமாக அடிக்கிறது என்ற காரணத்துக்காகத் தொடங்கிய கையோடு நிறுத்தினார்கள். மழையல்ல, பனியல்ல, வெறும் காற்று.

புளூ ஜேஸ் அணியே ரொறன்ரோவுக்கு இரண்டாவது தெரிவாக வந்தது. 1976 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸ் அணியையே வாங்கி இங்கே கொண்டுவருவதாக இருந்தது. விலை 1 கோடியே 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். வாங்க முன்வந்தவர்களில் முக்கியமானவர்கள் லபாற் பியர் கம்பனிக்காரர். சான் பிரான்சிஸ்கோவின் புதிய நகரபிதா ஜோர்ஜ் மொஸ்கோனி நீதிமன்றத்துக்கு ஓடித் தடையுத்தரவு வாங்கினார். உள்ளூர்ப் பணக்காரர் பொப் லூரி முன்வர, ஜயன்ற்ஸ் அங்கேயே தங்கியது. இரண்டே மாதத்தில், மார்ச் 26 அன்று, அமெரிக்கன் லீக் 70 இலட்சம் டொலருக்கு ரொறன்ரோவுக்குப் புதிய அணி ஒன்றைத் தந்தது. புதிய அணிக்கு ஆட்கள் எப்படி வருவார்கள்? மற்ற அணிகள் தமக்குக் கட்டாயம் வேண்டியவர்களை மூடி வைத்துக்கொண்டு, மிச்சப்பேரை முன்னே வைக்கும். அதிலிருந்து பொறுக்கி எடுக்கவேண்டும். 1976 நவம்பர் 5இல் அந்தத் தெரிவு நடந்தது. முதல் ஆளாகப் புளூ ஜேஸ் எடுத்தது பொப் பெய்லரை. ரெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் மூடி வைக்காமல் விட்டவர்களில் ஒருவர் டக் ஓல்ற் என்ற 26 வயது இளைஞர். வேறு இடத்தில் வேண்டாமென்று விடப்பட்டவர்களைக் கொண்டு ஆரம்பித்த வாழ்க்கை என்பதால் எங்களில் பலருக்கு இந்த அணியோடு ஓர் ஒட்டு. இதை அதிகம் நீட்ட விரும்பவில்லை. விளையாட்டை விளையாட்டாகவும் பார்க்கவேண்டும்.

சரி, ஏப்ரல் 7. எதிரணி சிக்காகோ வைற் சொக்ஸ். மைதானம் வெள்ளையாகக் கிடந்ததைக் கண்டு, வைற் சொக்ஸின் ஜாக் புரோஹேமர் பந்து பிடிப்பவர் முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்புகளைப் பாதத்தில் கட்டி, இரண்டு மட்டைகளைக் கையில் ஊன்றிக்கொண்டு, பனிச்சறுக்குக்காரர்போலச் சறுக்கிக் காட்டினார். அந்தப் படம் இன்றும் ஒவ்வொரு ஏப்ரலிலும் பத்திரிகைகளில் வருகிறது. அவர் கேலியாகத்தான் செய்தார், ஆனால் சனம் கைதட்டியது. பாடகி ஆன் மரி குளிர்கோட்டுடன் வந்து தேசிய கீதம் பாடினார். வந்திருந்தவர்கள் 44,649 பேர். அந்தக் குளிரில் அத்தனை பேர் வந்ததே செய்தி. போனேன் என்று பின்னாளில் சொன்னவர்கள் இதைவிடக் கூட. எங்கள் தொழிற்சாலையிலேயே ஒரு பஸ் நிறைய இருந்தார்கள்.

புளூ ஜேஸுக்காக முதல் பந்தை எறிந்தவர் பில் சிங்கர். எதிர்கொண்டவர் ரால்ஃப் கார். ஆரம்பம் சரியில்லை. முதல் இன்னிங்ஸிலேயே ரிச்சி சிஸ்க் ஹோம்ரன் அடித்து வைற் சொக்ஸை முன்னே கொண்டுபோனார். பிறகு புளூ ஜேஸ் அடிக்க வந்தது. வைற் சொக்ஸின் கென் பிரெற், புகழ்பெற்ற ஜோர்ஜ் பிரெற்றின் தமையன், எறிந்த பந்தை டக் ஓல்ற் வேலிக்கு வெளியே அனுப்பினார். அணியின் வரலாற்றில் முதல் ஓட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் மறுபடி அவரே, மறுபடி வேலிக்கு வெளியே. பிறகு ஐந்தாவதில், மாற்று ஆளாக அடிக்க இறக்கப்பட்ட அல் வூட்ஸ், பெரிய லீக்கில் தன் வாழ்நாளின் முதல் வாய்ப்பிலேயே ஹோம்ரன் அடித்தார். முடிவு 9-5, ரொறன்ரோ வெற்றி. வைற் சொக்ஸ் ஒன்றும் சோதாப் பயல்கள் அல்ல. அந்த ஆண்டு 90 ஆட்டங்கள் வென்ற அணி அது. அன்றைக்கு மட்டும் ஆட்களைத் தளத்தில் ஏற்றுவதும் அவர்களை வீடு கொண்டுவர முடியாமல் தவிப்பதுமாகவே இருந்தார்கள்.

ஆட்டத்தினிடையே 44,000 பேர் ஒரே குரலில் கத்தியது ஹோம்ரனுக்காக மட்டும் அல்ல. பியர் கேட்டுக் கத்தினார்கள். ஒன்ராறியோ அரசு மைதானத்துக்குள் பியர் விற்கவிடவில்லை. அணியின் 45 வீதம் லபாற் கம்பனிக்குச் சொந்தம்! பியர் கம்பனியின் அணி, பியர் விற்கக்கூடாத மைதானம். அந்தத் தடை 1982 யூலை 30 வரை நீடித்தது. அப்போது முதலமைச்சர் பில் டேவிஸ். அதே ஆண்டு நவம்பரில், அதே மைதானத்தில், கொட்டும் மழைக்குள் கிரே கிண்ண ஃபுட்போல் இறுதியாட்டம் நடந்தபோது, நனைந்து நடுங்கிய சனம் டேவிஸின் காதுபடக் கூரை கேட்டுக் கத்தியது. ஏழு வருடத்தில் அதுவும் கிடைத்தது. ரொறன்ரோக்காரர் அமைதியானவர்கள் என்று யாராவது சொன்னால் நான் இந்த இரண்டையும் ஞாபகப்படுத்துவேன்.

அந்தக் கூரை திறந்து மூடும் கூரை. 1989 ஜூன் 3 அன்று ஸ்கைடோம் என்ற புது மைதானத்தின் திறப்புவிழாவில், கூரையைத் திறந்து காட்ட ஆசைப்பட்டு, கொட்டிய மழையை விருந்தினர் தலையில் இறக்கினார்கள். ஜூன் 5 அன்று முதல் ஆட்டத்தில் புளூ ஜேஸ் மில்வோக்கியிடம் 5-3 என்று தோற்றது. பெரிய செலவு, பெரிய விளம்பரம், தோல்வி. 1977இல் இரவல் சம்போனி, வெற்றி.

தொடக்க நாள் கனடாவுக்கு 1977இல் வந்ததல்ல. ரொறன்ரோவில் மேப்பிள் லீஃப்ஸ் என்ற பெயரில் ஒரு பேஸ்போல் அணியும் இருந்தது, இரண்டாம் தர இன்ரர்நேஷனல் லீக்கில். 1926 ஏப்ரல் 29 அன்று பதேர்ஸ்ற் தெருவின் ஏரிக்கரைப் பக்கம் அதற்குப் புது மைதானம் திறந்தது. அந்த ஆண்டே அணி லீக்கை வென்றது. 1967 முடிவில் அணியைக் கென்ரக்கியின் லூயிவில்லுக்கு விற்றார்கள், அடுத்த ஆண்டு மைதானத்தை இடித்தார்கள். ஆகவே 1977இல் பனிக்குள் இருந்தவர்கள் ஒன்பது கோடைகாலம் தொழில்முறைப் பேஸ்போல் இல்லாமல் இருந்தவர்கள். அந்தப் பசியைக் கணக்கில் எடுக்காமல் அன்றைய கூட்டத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

கனடாவில் பெரிய லீக்கின் முதல் தொடக்க நாள் மொன்றியலுடையது. 1969 ஏப்ரல் 14, ஜாரி பார்க், 29,184 பேர். எக்ஸ்போஸ் அணி, முந்தைய ஆண்டு நாஷனல் லீக் வெற்றியாளர்களான செயின்ற் லூயிஸ் கார்டினல்ஸை 8-7 என்று மடக்கியது. மக் ஜோன்ஸ் அன்றைய நாயகன். நல்ல ஆட்டம், ஆனால் அந்த அணியே 2004 பருவத்தோடு வாஷிங்டனுக்குப் போய்விட்டது. மொன்றியல்காரர் ஒருவருடன் இதைக் கதைக்கத் தொடங்கினால் சந்தோசமாக முடியாது.

மொன்றியலுக்கு அதைவிடப் பெரிய தொடக்க நாள் ஒன்று உண்டு, நடந்ததோ நியூ ஜேர்சியில். 1946 ஏப்ரல் 18. ஜேர்சி சிற்றி ரூஸ்வெல்ற் மைதானத்தில் மொன்றியல் ரோயல்ஸ் உடுப்புடன் ஜக்கி ராபின்சன் இறங்கினார். கறுப்பர்களை உள்ளே விடாத வழக்கம் அறுபது ஆண்டுக்குக் கிட்டவாக இறுகிப்போன விளையாட்டில், பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே, ஒரு கறுப்பர். ஐந்து தடவை அடிக்க வந்து நான்கு தடவை அடித்தார். ஒன்று மூன்று ஓட்ட ஹோம்ரன். இரண்டு தளம் திருடினார். பந்தெறிபவரைப் பதறவைத்துப் பிழைவிடச் செய்தார். நான்கு முறை ஓடி வந்து சேர்ந்தார். மொன்றியல் 14-1. அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் எபெற்ஸ் ஃபீல்டில் பெரிய லீக்கில் அவர் இறங்கியதைத்தான் உலகம் கொண்டாடுகிறது. அந்த நாளில் எல்லா வீரர்களும் அவருடைய 42ஆம் இலக்கத்தை அணிகிறார்கள். ஆனால் அன்று அவர் ஒரு தடவையும் அடித்துத் தளம் ஏறவில்லை. எதிரணியின் பிழையால் ஏறி ஓடி ஓர் ஓட்டம் எடுத்தார். ஆட்டமாகப் பார்த்தால் ஜேர்சி சிற்றிதான் பெரிது. கோயில் வாசலில் சிலரை நிறுத்தி வைத்த வரலாறு உள்ள ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அந்த நாளை விளக்கத் தேவையில்லை.

தனி ஒருவருடைய சாதனை என்று பார்த்தால் பொப் ஃபெலரைத் தாண்டவேண்டும்: 1940 ஏப்ரல் 16, சிக்காகோவில், கிளீவ்லண்டுக்காக எறிந்து எதிரணியை ஒரு தடவைகூட அடித்துத் தளமேற விடாமல் 1-0 என்று வென்றார். தொடக்க நாளில் வேறு எவரும் தனியாளாக அதைச் செய்ததில்லை. வோல்ரர் ஜோன்சன் 1926இல் 15 இன்னிங்ஸும் தனியாளாக எறிந்து 1-0 என்று முடித்தார். இன்றைய பந்தெறிபவர் ஆறு இன்னிங்ஸ் தாண்டினாலே தோளைப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

புளூ ஜேஸுக்கும் பெருமைப்பட உண்டு. 1988 ஏப்ரல் 4, கன்சாஸ் சிற்றி. ஜோர்ஜ் பெல், டொமினிக்கன் குடியரசின் சான் பெத்ரோ டி மக்கோரிஸ் ஊர்க்காரர், முந்தைய ஆண்டு லீக்கின் சிறந்த வீரர். அந்த வசந்தகாலப் பயிற்சியில் முகாமையாளர் ஜிமி வில்லியம்ஸ் அவரைக் களத்தடுப்பிலிருந்து எடுத்து, அடிக்க மட்டும் வைக்கப் பார்த்தார். பெல் கொதித்தார், ஒரு பயிற்சி ஆட்டத்தில் அடிக்க இறங்கவே மறுத்தார். தொடக்க நாளில் வேறு வழியில்லாமல் அடிக்க மட்டும் இறங்கியவர், பிரெற் சேபர்ஹேகன் எறிந்த பந்துகளில் மூன்று ஹோம்ரன் அடித்தார். தொடக்க நாளில் மூன்று அடித்த முதல் ஆள் உலகில் அவர்தான். 5-3 வெற்றி. முகாமையாளரின் யோசனை சரியென்று நிரூபித்தாரா, கோபத்தைக் காட்டினாரா என்று தொழிற்சாலையில் வருடக்கணக்காக வாதாடினோம். என் தீர்ப்பு: கோபம்தான். அந்த முறுகல் அதோடு தீரவும் இல்லை.

2012 ஏப்ரல் 5 கிளீவ்லண்டில். ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 4-1 என்று பின்னால் நின்ற புளூ ஜேஸ் சமன்செய்து, 16ஆவது இன்னிங்ஸில் ஜே.பி. அரென்சிபியாவின் மூன்று ஓட்ட ஹோம்ரனால் 7-4 என்று வென்றது. தொடக்க நாள் ஆட்டங்களில் மிக நீளமானது அதுதான். ஐந்து மணி நேரத்துக்கு மேல் போயிற்று. என் மகன் பள்ளியால் வந்து, சாப்பிட்டு, படித்து முடித்தும் நான் ரீவியைவிட்டு எழும்பவில்லை என்று வீட்டில் இன்னும் பேச்சுக் கேட்கிறேன்.

இளையவர்களைக் கேட்டால் 2022 என்பார்கள். கொரோனாவால் எல்லை மூடி, அணி பஃபலோவிலும் புளோரிடாவின் டனீடினிலும் அந்நியர் வீட்டில் இருந்து, சொந்த மைதானத்தில் நிறைந்த கூட்டத்துடன் பருவத்தைத் தொடங்கிய நாள் ஏப்ரல் 8. ரெக்ஸாஸ் 7-0 என்று முன்னேறியது. ஹோசே பெரியோஸ் ஒரே ஒருவரை மட்டும் ஆட்டமிழக்கச் செய்துவிட்டு வெளியேறவேண்டி வந்தது. அங்கிருந்து 10-8 என்று வென்றார்கள். அருமையான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் கூரைக்குள், கையுறை இல்லாமல், பியருடன் பார்த்த ஆட்டம். 1977இல் இருந்தவர்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. விளையாட்டின் தரத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஓர் ஊர் தனக்கு இது வேண்டும் என்று எவ்வளவு பிடிவாதமாக இருந்தது என்பதை வைத்துச் சொல்கிறேன்.

தொடக்க நாள் வெற்றி ஒன்றையும் முன்கூட்டிச் சொல்லாது. 1977 பருவம் முடிந்தபோது புளூ ஜேஸ் 54 வெற்றி, 107 தோல்வி, கடைசி இடம். அப்படியும் அந்த ஆண்டு 17 இலட்சம் பேர் வந்து பார்த்தார்கள். டக் ஓல்ற் அந்தப் பருவத்தில் 11 ஹோம்ரன் அடித்தார். பெரிய லீக் வாழ்நாள் முழுவதும் சேர்த்து 17. அதில் இரண்டு அந்த ஒரு பிற்பகலுக்குள். பிறகு புளூ ஜேஸின் கீழ்நிலை அணிகளுக்கு முகாமையாளராக இருந்தார், சிரக்கியூஸ் உட்பட. 2004 டிசெம்பரில், 54 வயதில், புளோரிடாவில் இறந்தார். 1992, 1993 உலகத் தொடர் வெற்றிகளின் நாயகர்களைத் தெரியாத ஒருவர்கூட ஓல்ற்றின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பதை இந்த ஊரில் கண்டிருக்கிறேன். எக்ஸிபிஷன் மைதானத்தை 1999இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 2007 முதல் நிற்பது பி.எம்.ஓ. ஃபீல்ட், அங்கே முக்கியமாக நடப்பது உதைபந்தாட்டம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கனடாத் தமிழர் விளையாட்டு வரலாறு என்று எழுதப்படுவதெல்லாம் கிரிக்கெற், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம் என்றே இருக்கிறது. 1983க்கு முன்னும் பின்னும் இங்கே வந்து, எக்ஸிபிஷன் மைதானத்தில் ரிக்கற் எடுத்துப் பார்த்தவர்களோ, கோப்பி விற்றவர்களோ, ஆட்டம் முடிந்தபின் கூட்டித் துடைத்தவர்களோ உங்களில் யாராவது இருந்தால், அல்லது உங்கள் தகப்பனார் இருந்தால், அதை எழுதி வையுங்கள். கிழிந்த ரிக்கற் துண்டு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எந்த வருடம், எந்தப் பக்கத்து இருக்கை, யாரோடு போனீர்கள் என்று அதன் பின்பக்கத்தில் தமிழில் குறித்து வையுங்கள்.